சின்னப் பிள்ளைகளோடு கடலுக்கு: கொங்கு நாட்டிலிருந்து கிளம்பும் இரண்டு குடும்பங்கள்

கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் கடல் என்று சொன்னால் ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்றுதான் பேச்சு போகும். கோயிலுக்குப் போன இடத்தில் கடலையும் பார்த்துவிட்டு வருவது எங்கள் வீட்டுப் பழக்கம். ஆனால் நமக்குப் பக்கத்துக் கடல் மேற்கே இருக்கிறது. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக் கணவாயில் இறங்கினால் கோவையிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் பொன்னானி, சாவக்காடு கரைகள் வந்துவிடும். ராமேஸ்வரம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனி, ஆடியில் நம் தோப்புகளை உலுக்கும் காற்று அந்தக் கணவாய் வழியாகத்தான் வருகிறது. கேரளக் கரையில் இருந்த பழைய முசிறித் துறைக்கும் நம் ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலுக்கும் இடையில் அந்தக் காலத்து வணிகர்கள் நடந்த வழியும் அதுவே.

திருப்பூரில் இருக்கும் அக்கா குடும்பமும் நாங்களும் சேர்ந்து கடலுக்குப் போவது என்று முடிவானபோது என் மகளுக்கு வயது 8, மகனுக்கு 4. அக்காவின் மகளுக்கு 6. அக்காவின் மகனுக்கு இரண்டு வயது நிறைந்திருக்கவில்லை. இடம் பற்றிய பேச்சு பல வாரம் ஓடியது. அக்காவின் கணவரான மாமாவுக்குப் புதுச்சேரி, கடற்கரைச் சாலையில் காலாற நடக்கலாம், நல்ல சாப்பாடு கிடைக்கும். என் கணவருக்கு தனுஷ்கோடி. அக்காவுக்குத் திருவனந்தபுரத்துக் கோவளம். ஒவ்வொன்றும் அழகான இடம்தான். ஆனால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கரையின் பெரும்பகுதியில் பாறை கொட்டியிருக்கிறார்கள், அங்கே தண்ணீரில் பிள்ளைகளை இறக்க முடியாது. தனுஷ்கோடியில் அரிச்சல்முனை இரண்டு கடல் சேரும் இடம். நீரோட்டம் கடுமை, நிழலும் இல்லை. கோவளத்துக்குப் போய்ச் சேரவே ஒரு பகல் ஆகிவிடும்.

நான் சொன்னது ஒன்றுதான். அக்காவின் சின்னவனுக்கு எந்தக் கடல் ஒத்துவருமோ, அதுவே எட்டுப் பேருக்கும் கடல். பெரியவர்களின் ஆசைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தால் முடிவே வராது. சின்னவனை வைத்து யோசிக்கத் தொடங்கியதும் பாதி இடங்கள் தாமாகவே கழன்றுவிட்டன. அவனால் வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. மதியம் அவன் தூங்க வேண்டும். அவன் கால் வைக்கும் தண்ணீர் ஆழமில்லாததாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கறவை மாடுகளும் இதில் ஒரு கட்சி. பால் கறக்க ஆள் ஏற்பாடு செய்தாலும் மூன்று இரவுக்கு மேல் அவற்றை விட்டுவிட்டு இருக்க முடியாது.

அடுத்ததாக மாதம். இதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எந்த விளம்பரப் படத்திலும் மாதம் தெரிவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அப்போது கேரளக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். காலாண்டு விடுமுறை வரும்போதும் அது முழுதாக அடங்கியிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது நம் கிழக்குக் கரை சீறும். ஆகவே அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு மேற்குக் கரைதான் சரி. மார்கழியில் கேரளக் கரையில் மழை ஓய்ந்து, அலை தணிந்து, வெயிலும் மிதமாக இருக்கும். அதே நாட்களில் ராமேஸ்வரம் பக்கம் வாடைக்காற்றில் கடல் கலங்கிக் கிடக்கும்.

மே மாதம் வேறு கணக்கு. பருவமழை ஜூன் முதல் வாக்கில்தானே, மே மாதம் கேரளாவுக்குப் போகலாமே என்று பலர் நினைக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே 'கள்ளக்கடல்' வரும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்களின் அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், திடீரென்று கடல் கரையேறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது அப்படி ஒரு நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்திகளிலும் வருகிறது. எச்சரிக்கை இருந்தால் கடலைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டிய அறை வாடகையை நினைத்துத் தண்ணீரில் இறங்கக் கூடாது.

எங்கள் பயணம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் என்று தீர்ந்ததால் கேரளம் உறுதியாயிற்று. தேர்ந்தெடுத்தது சேராய். கொச்சிக்கு வடக்கே வைப்பின் தீவில் இருக்கும் கடற்கரை அது. கோபியிலிருந்து அவிநாசி, பாலக்காடு, திருச்சூர், கொடுங்கல்லூர் வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் இடையே குதிரான் மலையில் 2021இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த மலையேற்றத்து நெரிசல் குறைந்துவிட்டது. வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருக்கிற வீட்டாருக்கு இதன் அருமை புரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல் என்று சொல்லும் உப்பங்கழி, நடுவில் ஒரு சாலை, தென்னை. எங்களுக்குத் தென்னை புதிதில்லை. ஆனால் தோப்பு முடிகிற இடத்தில் கடல் இருப்பதைப் பார்த்து என் கணவர் நெடுநேரம் பேசாமல் நின்றார்.

கரை நல்ல கரையா என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அலை எங்கே உடைகிறது என்று பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். தூரத்தில் உடைந்து, நுரையாகத் தவழ்ந்து வந்தால் சரிவு மெதுவானது. கரைக்கு வந்து காலடியிலேயே மடிந்து விழுந்தால் சரிவு செங்குத்து. அங்கே திரும்பிப் போகும் தண்ணீர் பெரியவர்களையே தடுமாற வைக்கும். மணலும் சேதி சொல்லும். நைசான, இறுகிய மணல் இருக்கும் கரை பெரும்பாலும் தட்டையாக இருக்கும்; பருமணல் கரை சரிந்து இறங்கும். ஒரே கடற்கரையில்கூட இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் இது மாறும். எனவே போன வருடம் போய்வந்தவர்களின் பேச்சை மட்டும் நம்பாமல், அன்று காலையில் அங்கிருக்கும் உயிர்காப்பாளரையோ மீனவரையோ கேட்பதுதான் முறை. நாங்கள் கேட்டபோது உயிர்காப்பாளர் ஒருவர் ஓரிடத்தைக் கையால் காட்டி, "அங்கே மட்டும் வேண்டாம்" என்றார். பார்வைக்கு அந்த இடம்தான் அமைதியாக இருந்தது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், சற்றுக் கருத்துத் தெரிந்தது. கரையேறிய தண்ணீர் மொத்தமாகக் கடலுக்குத் திரும்பும் வழி அது. அலை இல்லையே என்று பிள்ளைகளை அங்கே இறக்கத் தோன்றும். இழுத்துக்கொண்டு போகும் இடமும் அதுவே. அந்த இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரை சேர வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நீச்சல் தெரியும். கிணற்றில் குதித்து, கீழ்பவானி வாய்க்காலில் மிதந்து, கொடிவேரியில் குளித்து வளர்ந்தவர்கள். அந்தத் தைரியம் கடலில் பாதிதான் உதவும். வாய்க்கால் தண்ணீர் ஒரே திசையில் போகும், கை நீட்டினால் கரை இருக்கும். கடல் தள்ளுவதும் இழுப்பதும் மாறி மாறி நடக்கும். கீழே மணலும் சேர்ந்து நகரும். என் கணவரும் மாமாவும் நன்றாக நீந்துகிறவர்கள், ஆனாலும் பிள்ளைகள் கரையேறி உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் நீந்தப் போனார்கள். பிள்ளைகளுக்கு விதி, அவரவர் முழங்கால் அளவு தண்ணீர். அதுவும் பெரியவர் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில்.

இரண்டு குடும்பமாகப் போவதில் உள்ள பெரிய ஆபத்தை இங்கே சொல்ல வேண்டும். தனியாகப் போகும் அம்மா கண்ணிமைக்காமல் பார்ப்பாள். நாலு பெரியவர்கள் இருந்தால் ஒவ்வொருவரும் மற்ற மூவர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைப்பார்கள். கலியாண வீட்டில் குழந்தை காணாமல் போவது இப்படித்தான். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை. வாய் தண்ணீருக்குள் போய்விடுவதால் சத்தமே வராது. அதனால் அக்கா ஒரு விசில் வாங்கி வந்திருந்தாள். விசில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குக் காவல். அரைமணி நேரம் அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, கதை பேசக் கூடாது. அரைமணி முடிந்ததும் அடுத்தவர் கழுத்தில் போட்டு, "நாலு பேரும் இருக்கிறார்கள், எண்ணிக்கொள்" என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். தொடக்கத்தில் மாமாவுக்கு இது அதிகப்படியாகத் தெரிந்தது. மறுநாள் அவர்தான் நேரம் தவறாமல் விசிலைக் கேட்டு வாங்கினார்.

மாமா செய்த ஒரு வேலையை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். கம்பெனியில் ஏற்றுமதி போக மிஞ்சிய, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறப் பனியன்களை நாலு பிள்ளைகளுக்கும் எடுத்து வந்தார். நீலம், வெள்ளை, சாம்பல் நிறங்கள் தண்ணீரில் மறைந்துவிடும்; ஆரஞ்சு எவ்வளவு கூட்டத்திலும் தெரியும். பனியனின் உள்பக்கம் எங்கள் கைப்பேசி எண்ணை அழியாத மையில் எழுதிவைத்தோம். காற்றடித்த வளையம், மிதக்கும் பொம்மை எதையும் கடலுக்குக் கொண்டுபோகவில்லை. காலையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். மெல்லிய காற்றாக இருந்தாலும் வளையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நாம் ஓடிப் பிடிப்பதற்குள் உள்ளே கொண்டுபோய்விடும்.

மேற்குக் கரையில் காலைதான் பிள்ளைகளுக்கான நேரம். சூரியன் நமக்குப் பின்னால், தோப்புக்கு மேலே எழும். தென்னை நிழல் மணலில் நீண்டு கிடக்கும். மாலையில் அஸ்தமனம் அழகு, ஆனால் வெயில் நேராகக் கண்ணில் அடிப்பதால் தண்ணீரில் இருக்கும் பிள்ளை நிழலுருவமாகத்தான் தெரியும். அதனால் காலையில் தண்ணீர், மாலையில் மணல்வீடு என்று பிரித்துக்கொண்டோம். கிழக்குக் கரையில் இது தலைகீழ்.

தங்கும் இடத்துக்கு வருகிறேன். விடுதியில் இரண்டு அறை எடுப்பதைவிட, கூடமும் அடுப்படியும் உள்ள ஒரு வீட்டை எடுப்பது இரண்டு குடும்பத்துக்கு வசதி. சின்னவன் ஓர் அறையில் தூங்க, மற்றவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கலாம். சேராய்ப் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் காயலையொட்டி நிறைய உண்டு. அங்கேதான் கவனம் வேண்டும். எல்லோரும் கடலைப் பார்த்துப் பயப்படுகிறோம். வீட்டுக் கொல்லையில் சத்தமில்லாமல் கிடக்கும் காயல் யார் கண்ணிலும் படுவதில்லை. படிக்கட்டு நேரே தண்ணீருக்குள் இறங்கும், வேலி இருக்காது. இரண்டு வயதுப் பிள்ளை விடியற்காலையில் கதவைத் திறந்துகொண்டு போனால் தெரியாது. தொலைபேசியில் வீட்டுக்காரரிடம் நாங்கள் கேட்டவை இவைதான்: காயல் பக்கம் வேலியும் கதவும் இருக்கிறதா? கடலுக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டுமா? மாடி என்றால் கைப்பிடிச் சுவரின் உயரம் என்ன? நீச்சல் குளம் இருந்தால் அதைப் பூட்டுவார்களா? மணலோடு வரும் பிள்ளைகளைக் கழுவ வெளியே குழாய் உண்டா? ஒருவர், "எல்லாம் இருக்கிறது, வாருங்கள்" என்று மொத்தமாகச் சொன்னார். இன்னொருவர் வேலியைப் படம் எடுத்து அனுப்பினார். இரண்டாமவர் வீட்டைத்தான் எடுத்தோம். போனதும் என் கணவர் செய்த முதல் வேலை, அந்தக் கதவின் கொண்டி தளர்வாக இருப்பதைப் பார்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. பெட்டிகள் அதற்குப் பிறகுதான் வண்டியிலிருந்து இறங்கின.

அடுப்படி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். மட்டை அரிசிச் சோறும் தேங்காயெண்ணெய் வாசமும் பெரியவர்களுக்குப் பிடிக்கும், சின்னப் பிள்ளைகள் முதல் நாளே வாயை மூடிக்கொள்ளும். வீட்டு அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், ஒரு குக்கர் இவை போதும். இரவு அரிசிம்பருப்புச் சாதம் வைத்தால் நாலு தட்டும் காலியாகும். பகலில் வெளியே சாப்பிட்டோம். கடல்மீன் முள் நம் அணைமீன் முள்ளைப்போல இல்லாததால், பிள்ளைகளுக்கு அக்கா தானே பிரித்துக் கொடுத்தாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல் மருந்து, கொசுவலை மறக்காமல் வேண்டும்.

பணத்தைக் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். அக்கா வீட்டு வரும்படியும் எங்கள் வரும்படியும் ஒன்றல்ல. இதைப் பேசாமல் விட்டால் ஒவ்வொரு ஓட்டலிலும் யார் கொடுப்பது என்ற தள்ளுமுள்ளு நடக்கும், மனதில் கணக்கு ஓடும். வாடகையும் வண்டிச் செலவும் சரிபாதி, சாப்பாட்டுக்கு இருவரும் சமமாகப் போட்ட பொதுப்பணம் என் பையில், பொம்மையும் தின்பண்டமும் அவரவர் செலவு என்று வைத்துக்கொண்டோம். வீட்டு வாடகையின் மேல்வரம்பை வசதி குறைந்த குடும்பம்தான் சொல்ல வேண்டும். அக்காவே அதை எங்களிடம் விட்டுவிட்டாள். அவளிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது. வாடகை வேன் என்றால், கேரளத்துக்குக் கட்டும் வரி பேசிய தொகைக்குள் அடங்குமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

படகுச் சவாரிக்குப் பிள்ளைகள் அடம் பிடித்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டம் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். இருட்டும் நேரம், அளவுக்கு மீறி ஏற்றிய ஆட்கள். அதை நான் மறக்கவில்லை. குழந்தை அளவில் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கேட்டேன். பெரியவர்களுக்கானதையே இறுக்கிக் கட்டிவிடலாம் என்றார்கள். பெரிய உடையிலிருந்து குழந்தை வழுகி வெளியே வந்துவிடும். படகு ஏறாமல் முனம்பம் வரை போய், சீன வலைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தோம். அழுகை வலைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

பிறகு ஒரு மே மாதம் அதே இரண்டு குடும்பமும் கிழக்கே போனோம். கோடையில் எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உச்சிப்புளிக்குப் பக்கம் இருக்கும் அரியமான். அது பாக் நீரிணைப் பக்கத்துக் கடல். அந்த ஊர்க்காரர்கள் இந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். கோடையில் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது நிலத்தின் பக்கமிருந்து வருவதால் இந்தக் கரையில் அலை எழுவதில்லை. தண்ணீர் குளம்போல நிற்கும், வெகுதூரம் ஆழமில்லை. சவுக்குத் தோப்பு நிழல் உண்டு. காற்று கடலை நோக்கி வீசுவதால், மிதக்கும் பொம்மை இங்கும் கூடவே கூடாது. சொறி மீன்கள் (ஜெல்லி மீன்கள்) வந்திருக்கின்றனவா என்று மீனவர்களைக் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். பட்டால் உடம்பு எரியும். மதிய வெயில் மிகக் கடுமை, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் வரை மறுபடியும் ரயில் போகிறது, ஆகையால் பெரியவர்களுக்குக் கோயிலும் ஆயிற்று.

வருகிற அரையாண்டு விடுமுறைக்குக் கண்ணூர்ப் பக்கம் முழப்பிலங்காடு என்று பேசி வைத்திருக்கிறோம். ஏறக்குறைய நாலு கிலோமீட்டருக்குக் கார் ஓடும் அளவு இறுகிய மணல். கடலுக்குள் இருக்கும் கரும்பாறைகள் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. கார்கள் ஓடும் கரை என்பதால் தண்ணீரோடு வண்டிகளையும் பார்க்க வேண்டியிருக்கும். சின்னவனுக்கு அது சொன்னால் புரியும் வயது வந்துவிட்டது. போன முறை இந்த இடத்தை நான் ஒப்புக்கொள்ளாததற்கு அவன் வயதுதான் காரணம். வழியில் கோழிக்கோட்டுக்கு வடக்கே காப்பாடு. தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2020இல் பெற்ற கடற்கரை, கழிப்பறையும் குளியலறையும் சுத்தமாக இருக்கும் என்பதால் ஒரு காலைப்பொழுதை அங்கே கழிக்கலாம். இந்தத் தடவை ரயில். மங்களூர் போகும் ரயில்கள் ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகத்தான் போகின்றன. 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டியதில்லை; 5 முதல் 12 வரை படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். விடுமுறை நாட்களுக்கு முன்பதிவு திறந்த அன்றே இடம் தீர்ந்துவிடும், அதனால் மாமா காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறார்.